நாலு கை ஏலியனுக்கு யார் நடிப்பது?

ஒரு வீடியோ கேம். கதை நடப்பது சென்னையில். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஜீவன் ஒன்று, ராயப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. அதற்கு நான்கு கை, நான்கு கால். மேல் கைகள் இரண்டும் மாவை வீசிக்கொண்டிருக்கின்றன. கீழ்க் கைகள் இரண்டும் கல்லில் கொத்து போடுகின்றன. விளையாடும் நீங்கள் அதனிடம் போய், நேற்றிரவு காணாமல் போன ஒருவரைப் பற்றி விசாரிக்கிறீர்கள். அது நிமிர்ந்து பார்க்கிறது, ஒரு கணம் யோசிக்கிறது, அப்புறம் பொய் சொல்கிறது.

கொத்து போடும் கையை அனிமேட்டர் ஒருவர் உட்கார்ந்து செய்துவிடலாம். அந்தப் பொய்யை அப்படிச் செய்வது கடினம். கண் எப்போது விலகுகிறது, தோள் எந்த இடத்தில் லேசாக இறுகுகிறது, பதிலுக்கு முன்னால் மூச்சு எப்படி நிற்கிறது என்பதெல்லாம் நல்ல நடிகருக்குத் தானாக வரும். அதனால்தான் இந்த மாதிரிப் பாத்திரங்களுக்கும் நடிகரைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவருக்கு இருப்பது இரண்டு கையும் இரண்டு காலும்தான். மிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். மோஷன் கேப்சர், தொழிலில் சுருக்கமாக மோகேப். நடிகர் உடம்போடு ஒட்டிய உடை ஒன்றைப் போட்டுக்கொள்வார். அதில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கும் பளபளப்பான உருண்டைகளை, சுமார் ஐம்பது, மூட்டுகளைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். இவைதான் மார்க்கர். கூடத்தைச் சுற்றி மாட்டியிருக்கும் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீசும். மார்க்கர் அதைத் திருப்பி அனுப்பும். கேமராவுக்கு நடிகர் தெரிவதில்லை, வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே தெரியும். ஒரே புள்ளியைக் குறைந்தது இரண்டு கேமராக்கள் பார்த்தால், அது கூடத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். வினாடிக்கு 120 முறை இப்படிக் கணக்கிட்டு, புள்ளிகளிலிருந்து ஓர் எலும்புக்கூட்டை உருவாக்குகிறார்கள். கேமராவே இல்லாத முறையும் உண்டு: கை, கால், இடுப்பில் சென்சார்களைக் கட்டிவிட்டால், ஒவ்வொன்றும் தான் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும்.

உடல் அசைவோடு முகம், விரல், குரல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் அதைப் பெர்ஃபார்மன்ஸ் கேப்சர் என்பார்கள். நடிகரின் தலையில் ஒரு ஹெல்மெட், அதிலிருந்து முகத்துக்கு நேராக நீளும் கம்பியில் ஒரு குட்டிக் கேமரா. 2014-இல் வந்த ரஜினிகாந்தின் கோச்சடையான் வழியாக நம் ஊரில் பலருக்கும் இந்த உடையும் ஹெல்மெட்டும் பழக்கமாகிவிட்டன. ஆனால் அங்கே மனித உடம்பின் அசைவு மனித உடம்புக்கே போனது. நம் மாஸ்டர் விஷயத்தில் அது நடக்காது.

ஏன் நடக்காது என்று புரிய, பதிவான தகவல் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் மூட்டுகளின் கோணங்கள்: முழங்கை இத்தனை டிகிரி மடங்கியது, இடுப்பு இத்தனை டிகிரி திரும்பியது. இந்தக் கோணங்களை எடுத்து இன்னொரு எலும்புக்கூட்டுக்குப் பொருத்துவதற்கு ரீடார்கெட்டிங் என்று பெயர். இரண்டு எலும்புக்கூடுகளும் ஏறக்குறைய ஒரே அமைப்பாக இருந்தால் சிக்கல் குறைவு. ஏலியனின் கை நடிகரின் கையைவிட ஒன்றரை மடங்கு நீளம் என்றால், அதே கோணங்களுக்கு அதன் உள்ளங்கை கல்லைத் தாண்டி எங்கோ காற்றில் போய் நிற்கும். ஆக, கோணத்தை நம்புவதா, கை போய்ச் சேர வேண்டிய இடத்தை நம்புவதா என்று ஒவ்வொரு அசைவுக்கும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். பேசும்போது ஆட்டும் கைக்குக் கோணம் போதும். கல்லைத் தொடும் கைக்கு இடம்தான் முக்கியம்.

இதெல்லாம் இருக்கிற கைக்கு. இல்லாத கைக்குக் கோணமும் கிடையாது, இடமும் கிடையாது.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1992-இல் வந்த மார்ட்டல் காம்பேட் சண்டை விளையாட்டில், நிஜ ஆட்களைச் சண்டைபோட வைத்து வீடியோ எடுத்து, அந்தப் படங்களையே விளையாட்டுக்குள் போட்டார்கள். ஆனால் கோரோ என்ற வில்லனுக்கு நான்கு கை. அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் ஒரு களிமண் உருவத்தைச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் படமெடுத்தார்கள். மற்ற எல்லோரும் மனிதர்கள், அவன் மட்டும் பொம்மை. பெர்ஃபார்மன்ஸ் கேப்சர் வந்த பிறகும் பாதிக் கதை அதேதான்: பாதி உடம்பு நடிகர், பாதி உடம்பு பொம்மை. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் மறைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

கைகளிலிருந்து தொடங்குவோம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் திருவாலங்காட்டு நடராசரையும் மற்றச் செப்புத் திருமேனிகளையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நான்கு கை உள்ள சோழர் காலச் சிலைகள் பலவற்றில் பின்னிரு கைகள் தனித் தோளிலிருந்து முளைப்பதில்லை. மேற்கையிலேயே முழங்கைப் பக்கமாகக் கிளை பிரிகின்றன. ஒரே ஜோடித் தோள். உடம்பு மெலிதாக, அழகாக நிற்கிறது. அசையாத உருவத்துக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதையே அசையவிட்டால், முன்கையை உயர்த்தும்போது பின்கையும் கூடவே உயரும். ஒரு ஜோடி மாவு வீச, இன்னொரு ஜோடி கொத்து போட வேண்டுமென்றால் இரண்டாவது ஜோடித் தோள் வேண்டும்.

இரண்டாவது தோள் என்பது விலாவில் ஒரு மூட்டைச் செருகுவதோடு முடிவதில்லை. நம் கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் 180 டிகிரி உயர்த்தினால், அதில் 120 டிகிரி அளவுதான் தோள் மூட்டிலிருந்து வருகிறது. மிச்ச 60 டிகிரி தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் சுழல்வதால் வருகிறது. கூடவே காறை எலும்பும் எழும். இந்த மூன்றும் சேர்ந்துதான் 'கை தூக்குகிறார்' என்று நம் கண்ணுக்குப் படுகிறது. ரிக் செய்பவர், அதாவது பாத்திரத்துக்கு உள் எலும்பும் கட்டுப்பாடுகளும் வைப்பவர், கீழ் ஜோடிக்கும் இதையெல்லாம் தர வேண்டும். தராவிட்டால் கீழ்க் கைகள் சட்டையில் தைத்த மாதிரிதான் தெரியும். பல விளையாட்டுகளில் நான்கு கை ஜீவன்களுக்கு மார்பு விசித்திரமாக நீண்டிருப்பது ஓவியரின் ரசனையால் மட்டும் வந்ததல்ல. இரண்டாவது தோளுக்கு இடம் வேண்டுமே!

ரிக் தயார். கீழ்க் கைகளுக்கு அசைவு எங்கிருந்து வரும்? வழிகள் மூன்று.

முதலாவது, பள்ளி ஆண்டு விழாவில் நாம் எல்லோரும் பார்த்தது. துர்க்கையாக ஒரு பெண் முன்னால் நிற்பாள். பின்னால் வரிசையாக ஒளிந்து நிற்கும் தோழிகள் கைகளை மட்டும் நீட்டுவார்கள். கேப்சர் கூடத்திலும் அதையே செய்யலாம். முன்னால் ஒரு நடிகர், அவர் முதுகோடு ஒட்டியபடி இன்னொருவர். இதில் கிடைக்கும் பெரிய லாபம், இரண்டு ஜோடிக் கைகளும் ஒன்றையொன்று நிஜமாகவே தவிர்க்கும், பொருளைக் கைமாற்றிக்கொள்ளும், தாளம் பிடிக்கும். நட்டம் என்னவென்றால், ஒட்டி நிற்கும் இருவரில் ஒருவரின் மார்க்கரை மற்றவர் உடம்பு மறைத்துவிடும். கேமராவுக்குப் புள்ளி மறைந்து மறைந்து தெரியும். சில சமயம் இவர் புள்ளியை அவருடையது என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்யும் கிளீன்-அப் வேலை பொறுமையைச் சோதிக்கும். இந்த இடத்தில் சென்சார் உடை உதவும், அதற்கு மறைப்பு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் நிற்கும் இடத்தைப் பற்றிய அதன் கணக்கு நேரம் போகப் போக நகர்ந்துவிடும். பக்கத்தில் இரும்புச் சாமான் இருந்தால் திசையும் குழம்பும்.

இரண்டாவது வழி, ஒரே நடிகர் இரண்டு முறை நடிப்பது. முதல் டேக்கில் மேல் கைகள், முகம், வசனம். அடுத்த டேக்கில் அதே வசனத்தை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே கீழ்க் கைகள். இரண்டாவது டேக்கிலிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பைத் தள்ளிவிட வேண்டும், ஏனென்றால் ஏலியனுக்கு உடம்பு ஒன்றுதான். கொத்து போடும்போது மாஸ்டரின் முதுகும் இடுப்பும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தை எறிந்துவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொண்டால் அடியில் கனம் இருக்காது. அதனால் எறிந்த உடம்பசைவில் கொஞ்சத்தை, பத்தில் இரண்டு பங்கோ மூன்று பங்கோ, முதல் டேக்கின் உடம்பின் மேல் கலந்துவிடுவார்கள். எவ்வளவு கலப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது, கண்தான் தராசு.

மூன்றாவது வழி கீஃப்ரேம். அனிமேட்டரே முக்கியமான நிலைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போவது. பழைய முறை என்று சிலர் இளக்காரமாக நினைப்பார்கள். சண்டைக் காட்சிகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். அங்கே வேகமும் தெளிவும் வேண்டும், நடிப்பின் நுணுக்கம் எடுபடாது. நின்று பேசும் காட்சிக்கு இரண்டாவது வழி. முதல் வழியைக் கைகள் ஒன்றோடொன்று வேலை செய்யும் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. மேல் கை அசைவை அப்படியே நகலெடுத்துக் கீழ்க் கைக்குக் கொடுத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும். நான்கும் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் இறங்கும். பார்த்த உடனே இயந்திரம் என்று தெரிந்துவிடும். கீழ் ஜோடியைச் சில ஃபிரேம் தாமதப்படுத்தி, வீச்சைக் குறைத்தாலே பாதி சரியாகும். மீதிப் பாதி, கவனத்தைப் பற்றியது. கை நான்கு இருந்தாலும் பார்வை ஒன்று. நம் மாஸ்டர் எந்த ஜோடியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார்? பார்க்காத ஜோடி பழக்கத்தில் ஓட வேண்டும்: சீராக, சின்னதாக, தாளம் மாறாமல். பொய் சொல்லும் அந்தக் கணத்தில் கொத்துத் தாளம் ஒரே ஓர் அடி தவறினால், வசனத்தைவிட அது அதிகம் சொல்லிவிடும். கூடுதல் கைகளால் நடிப்புக்கு லாபம் கிடைக்கும் இடம் இதுதான். முகம் மறைப்பதை நான்காவது கை காட்டிக்கொடுக்கலாம். இதை யோசித்து வைக்காமல் 'பயமாக இருக்கும்' என்பதற்காக மட்டும் கைகளைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கால்களுக்கு வருவோம். இங்கே விதிகள் கடுமை, ஏனென்றால் தரை பொய்யை ஏற்றுக்கொள்ளாது. ஊன்றிய பாதம் ஓர் அங்குலம் வழுக்கினாலும் கண்ணை உறுத்தும்.

நடிகரின் இரண்டு கால்களை ஏலியனின் முன்னங்கால்களுக்குக் கொடுக்கலாம். பின்னங்கால்களுக்கு அதே அசைவை நகலெடுத்து, நேரத்தை மட்டும் மாற்றுவது எளிய வழி. எவ்வளவு மாற்றுகிறோம் என்பதில் நடையே மாறிவிடும். குதிரை மெதுவாக நடக்கும்போது கால் விழும் வரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். அதாவது ஒரே பக்கத்தின் பின்னங்கால், முன்னங்காலைவிடக் கால்வாசிச் சுற்று முந்திப் போகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு வினாடி, வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 15 ஃபிரேம். வித்தியாசமே வைக்காவிட்டால் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தே நகரும். ஒட்டகம் நடப்பது ஏறக்குறைய அப்படித்தான். 30 ஃபிரேம் வைத்தால் மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து விழும், அது குதிரையின் துள்ளோட்டம். ஒரே பதிவு, ஓர் எண்ணை மாற்றினால் மூன்று நடை.

திருப்பத்தில்தான் இந்த நகல் மாட்டிக்கொள்ளும். மாநகரப் பேருந்து முனையில் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும் அல்லவா, நீண்ட உடம்புள்ள ஜீவனின் பின்னங்கால்களும் அப்படித்தான் போகும். ஆனால் நடிகருக்குப் பின்னுடம்பே கிடையாது, அவர் நின்ற இடத்தில் சட்டென்று திரும்பிவிடுவார். அதனால் கூடத்தில் நடிகரின் இடுப்பில் ஒரு நீளக் கம்பையோ சட்டத்தையோ கட்டிவிடுவது உண்டு. பின்னால் ஏதோ இருக்கிறது என்று அவர் உடம்பு உணர்ந்தால் திருப்பம் தானாகவே அகலமாகிவிடும். உருவம் பெரிது என்றால் வேகமும் மாற வேண்டும். காலை ஊசலாகக் கணக்கிட்டால், அது வீச எடுக்கும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நடிகர் 6 அடி, ஏலியன் 12 அடி என்றால், பதிவை 1.4 மடங்கு மெதுவாக்கினால்தான் கனம் வரும். அப்படியே விட்டால் ராட்சத உருவம் அவசரமாக ஓடும் குள்ளனாகத் தெரியும்.

ஆறு கால், எட்டுக் கால் என்று போனால் மனிதக் காலை நகலெடுப்பதை மறந்துவிடுவது நல்லது. பூச்சிகள் பெரும்பாலும் மூன்று கால்களை ஊன்றி, மற்ற மூன்றை எடுத்து வைத்து நடக்கின்றன: ஒரு பக்கம் முன்னும் பின்னும், மறுபக்கம் நடு. மூன்று கால் எப்போதும் தரையில் இருப்பதால் விழாது. சிலந்தியிலும் நான்கு நான்காக மாறி மாறி வரும் ஒழுங்கைப் பார்க்கலாம். சென்னைக்காரர்களுக்கு இதற்குப் பாடப்புத்தகமே தேவையில்லை. இருட்டியதும் பெசன்ட் நகர் கடற்கரையில் டார்ச் அடித்தால் நண்டுகள் ஓடும். நான்கு ஜோடிக் கால், முன்னால் ஒரு ஜோடிக் கொடுக்கு. கைபேசியின் ஸ்லோ மோஷனில் எடுத்து, ஒவ்வொரு காலும் எப்போது மண்ணைத் தொடுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். நடிகரிடமிருந்து அப்போது எடுத்துக்கொள்வது மேலுடம்பை மட்டும்: எந்தப் பக்கம் சாய்கிறார், எங்கே தயங்குகிறார், எந்த வேகத்தில் போகிறார். கால்களை அந்தச் சாய்வுக்கு ஏற்பக் கணினி வைத்துக்கொள்ளும்.

கணினி எப்படி வைக்கும்? இங்கேதான் ஐகே வருகிறது, இன்வர்ஸ் கைனமாட்டிக்ஸ். பாதம் இந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், அதற்கு முழங்காலும் இடுப்பும் எவ்வளவு மடங்க வேண்டும் என்று அதுவே கண்டுபிடிக்கும். தொடை, கெண்டை என்று இரண்டே எலும்பு இருந்தால் பதினோராம் வகுப்புக் கொசைன் விதியே போதும். முழங்கால் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தும்பிக்கை போன்று பல மூட்டுகள் உள்ள உறுப்புக்கு, நுனியிலிருந்து அடிக்கும் அடியிலிருந்து நுனிக்கும் மாறி மாறிக் கணக்கிட்டுச் சரிசெய்யும் முறைகள் இருக்கின்றன.

சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இந்த இடத்தில்தான். சினிமாவில் ஒரு ஷாட்டை ஒருமுறை சரியாகச் செய்தால் போதும். விளையாட்டில் எப்போது எந்தப் பக்கம் ஓட வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நடிப்பைத் துண்டு துண்டாகப் பதிவு செய்கிறார்கள்: நிற்பது, நடக்கத் தொடங்குவது, இடது திருப்பம், திடீர் நிறுத்தம், அடிபட்டால் தள்ளாடுவது. விளையாட்டு ஓடும்போது இந்தத் துண்டுகளைக் கணினி ஒன்றோடொன்று கலக்கும். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி வினாடிதான். அதற்குள் அசைவு மட்டுமல்ல, ஒளி, ஒலி, எதிரிகளின் மூளை எல்லாம் முடிய வேண்டும். மேல் கை, கீழ்க் கை, கால் மூன்றையும் தனித்தனி அடுக்காக வைத்திருந்தால், கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல் கை சுடலாம், கீழ்க் கை கதவைத் திறக்கலாம். அப்புறம் தரை இருக்கிறது. நம் ஊர் நடைபாதையில் தொடர்ந்து நான்கு அடி சமமாக இருப்பது அபூர்வம். பதிவு எடுத்த கூடமோ பளிங்காகச் சமம். ஒவ்வொரு பாதத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கற்பனைக் கோடு போட்டு, தரை எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஐகே வழியாகப் பாதத்தை அங்கே இறக்குவார்கள்.

கால் எத்தனை என்பதே தெரியாத நிலையையும் ஒரு விளையாட்டு சமாளித்திருக்கிறது. 2008-இல் வந்த ஸ்போர் விளையாட்டில், விளையாடுபவரே தன் விருப்பப்படி ஜீவனை உருவாக்குவார். ஆறு கால் வைக்கலாம், கையே வைக்காமலும் இருக்கலாம். அதற்கு அனிமேட்டர்கள் 'வலது கை இப்படி' என்று செய்யவில்லை. 'எதையாவது பிடிக்கக்கூடிய உறுப்பு முன்னால் நீளட்டும்' என்ற பொதுப்படையான கட்டளையாகச் செய்தார்கள். உடம்புக்கு ஏற்ப அதை மொழிபெயர்ப்பது கணினியின் பொறுப்பு. அதில் நடிகர் இல்லை, ஆகவே நுணுக்கமான பொய்யும் இல்லை; அந்த விளையாட்டுக்கு அது தேவையும் இல்லை.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாக. நடிகரின் முகத்திலிருந்து எடுப்பது 'இடது புருவம் 40 சதவீதம் உயர்ந்தது' என்பது மாதிரியான அளவுகள். ஐபோனில் இருக்கும் ஏஆர்கிட் என்ற மென்பொருள் தொகுப்பே இப்படி 52 அளவுகளைத் தருகிறது. ஏலியனுக்குப் புருவம் இல்லையென்றால் அந்த 40 சதவீதத்தை நெற்றிச் செதிலுக்கோ காதுக்கோ கொடுக்கலாம். எதற்குக் கொடுத்தாலும் எப்போதும் அதற்கே கொடுக்க வேண்டும். செதில் எழுந்தால் ஆச்சரியம் என்று பார்ப்பவர் இரண்டு மூன்று காட்சியில் கற்றுக்கொள்வார். கண்ணில் மட்டும் அதிகம் விளையாட வேண்டாம். நான்கு கண் வைத்தாலும் ஒரு ஜோடியாவது நடிகரின் பார்வையை அப்படியே பின்பற்றட்டும்.

செய்து பார்க்க ஆசை என்றால் கூடமோ உடையோ வேண்டாம். பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருள் இலவசம். சாதாரண வீடியோவிலிருந்தே அசைவைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. கூகுளின் மீடியாபைப் ஒரு மனித உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். முதல் முயற்சிக்கு நான்கு கால் வேண்டாம், நான்கு கை போதும், தரையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. நண்பர் ஒருவரை நிற்க வைத்து, 'நேற்று ராத்திரி நான் கடையிலேயேதான் இருந்தேன்' என்று இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள். முதல் முறை பேசுவதில் கவனம், இரண்டாவது முறை கொத்து போடுவதில். இரண்டாவதிலிருந்து கைகளை மட்டும் எடுத்து, சில ஃபிரேம் தள்ளி, முதல் உடம்பில் கீழ் ஜோடியாகப் பொருத்துங்கள். 5 ஃபிரேம், 8 ஃபிரேம், 12 ஃபிரேம் என்று மூன்று பிரதி எடுத்து, அவரிடமே போட்டுக் காட்டி, எதில் பொய் சொல்கிற மாதிரி தெரிகிறது என்று கேளுங்கள்.